ஒரு அங்குல இடைவெளியை அடைத்தவன்

ரேவதிக்கு,

அம்மா நலம், வீட்டில் எல்லாரும் நலம் என்று தொடங்குவதுதான் வழக்கம். அம்மா நலம்தான். நான் பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, அதை நினைத்து நீ பதறாதே. நான் கட்டிய லாட்ஜின் மேல்மாடியில், படிக்கட்டு ஓரத்துத் தூணில், மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு சாய்ந்த விரிசலை எனக்குக் காட்டினாயே, அதன் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டி வைத்திருந்தேன். விரிசல் அசைந்தால் கண்ணாடி உடையும், அசையாவிட்டால் அப்படியே இருக்கும் என்று நீதான் சொன்னாய். இன்று காலை போய்ப் பார்த்தேன். நடுவில் இரண்டாக உடைந்திருந்தது. இதைப் போனில் சொல்லியிருக்கலாம். போனில் என்றால் நீ குறுக்கே ஒன்று கேட்பாய், எனக்குக் கோபம் வரும், கத்துவேன், சொல்ல வந்ததைச் சொல்லாமலே போனை வைத்துவிடுவேன். நமக்குள் இது புதிதா என்ன? அதனால்தான் எழுதுகிறேன். லாட்ஜுக்கு எதிரே இருக்கிற டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். மொட்டைமாடிக் கதவின் சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது. லாட்ஜ் முதலாளி இரண்டு முறை ஆள் விட்டுக் கேட்டுவிட்டார், நான் கொடுக்கவில்லை. ஆடிக் கிருத்திகைக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது.

இந்த லாட்ஜ் கதையில் பாதிதான் உனக்குத் தெரியும். மீதியை நான் யாரிடமும் சொன்னதில்லை, உன் அம்மாவிடம்கூட. தொண்ணூற்று மூன்றில் அந்த லாட்ஜைக் கட்டியபோது நீ ஆறாம் வகுப்பு. அதுவரை நான் கட்டியதெல்லாம் வீடுகள், ஒரு ரைஸ்மில் கொட்டகை, நாலைந்து காம்பவுண்டுச் சுவர், அவ்வளவுதான். நூற்றெழுபது அடி நீளத்தில் மூன்று மாடி என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அரக்கோணத்து இன்ஜினீயர் போட்ட பிளானில், கட்டடத்தின் நட்டநடுவில், அஸ்திவாரத்திலிருந்து மொட்டைமாடி வரைக்கும் ஒரு அங்குல இடைவெளி. அந்த இடத்தில் தூண்கள்கூட ஜோடி ஜோடியாக, ஒன்றை ஒன்று தொடாமல். "மேஸ்திரி, கான்கிரீட் காயறப்ப சுருங்கும், வெயில்ல நீளும். இங்க அடிக்கிற வெயிலுக்கு அது அசையறதுக்கு இடம் வுடணும்" என்று அவர் சொன்னார். நான் ஆங், ஆங் என்று தலையாட்டினேன். மழைக்காலமோ வெயில்காலமோ இரும்பு மாதிரி அசையாமல் நிற்பதுதான் கான்கிரீட் என்பது என் எண்ணம். அசைகிற கான்கிரீட்டை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. அவர் அஸ்திவாரம் பார்த்துவிட்டுப் போனவர்தான், அப்புறம் அந்தப் பக்கம் வரவில்லை.

தூண்கள் எழும்பியதும் முதலாளி வந்து பார்த்தார். அப்போதுதான் அவரும் அவர் அண்ணனும் ஜவுளிக்கடையைப் பாகம் பிரித்து, ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் இருந்த நேரம். "இன்னா மேஸ்திரி, நடுவுல பொளந்துகினு நிக்குது?" என்றார். நான் இன்ஜினீயர் சொன்னதைச் சொன்னேன். "தோ பாரு, நான் பாகம் பிரிஞ்சு வந்து கட்ற மொத பில்டிங்கு. அதுவும் ரெண்டு துண்டா நின்னா ஊர்ல இன்னா பேசுவான்? இவன் கட்டடமே பாகம் பிரிஞ்சு நிக்குதுன்னு சிரிக்க மாட்டான்? பொளந்த வூட்ல எவன் கல்யாணத்துக்குத் தங்குவான்?" என்றார். இன்ஜினீயரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்கிறேன் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "ஒரு கீறல் இல்லாம ஒரே கல்லுல செதுக்கின மாதிரி கட்டித் தர்றேன் முதலாளி" என்று மார்தட்டினேன். இடைவெளிக்காக வைத்திருந்த அட்டையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, இந்தப் பக்கத்துக் கம்பியையும் அந்தப் பக்கத்துக் கம்பியையும் குறுக்கே கோர்த்துக் கட்டி, மூன்று தளத்திலும் ஒரே வீச்சாகக் கான்கிரீட் போட்டேன். ஒரு முனையில் கான்கிரீட் சுவரோடு படிக்கட்டு, இன்னொரு முனையில் தண்ணீர்த் தொட்டியின் தடித்த சுவர். இரண்டு பக்கமும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, நடுவிலும் நான் விடவில்லை. மேல்தளம் போட்ட அன்று முதலாளி எனக்குப் பொன்னாடை போர்த்தினார். மறுநாள் நீ பள்ளிக்கூடப் பையோடு வந்து, தளத்தின்மேல் தண்ணீர் தேக்கக் கட்டியிருந்த மண் வரப்புகளில் கால் வைத்து நடந்தாய். அந்தப் பொன்னாடை இன்னும் நம் பீரோவில்தான் இருக்கிறது.

முதல் விரிசல் அடுத்த மார்கழியிலேயே வந்தது. மேல்மாடி நடையில் நின்று அண்ணாந்து பார்த்தால், தளத்தின் அடியில், நூல் பிடித்துக் கோடு போட்டதுபோல, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் குறுக்கே ஒரு கோடு. எங்கே என்று நினைக்கிறாய்? இன்ஜினீயர் இடைவெளி விடச் சொன்ன இடத்திலிருந்து மூன்றடி தள்ளி. யாரும் பார்ப்பதற்குள் உளியால் கொஞ்சம் வெட்டி அகலமாக்கி, மணல்கூடச் சேர்க்காமல் வெறும் சிமெண்டைக் குழைத்து, கல் மாதிரி இறுக்கி அடைத்து, மேலே வெள்ளையடித்துவிட்டேன். அடுத்த மார்கழியில் பக்கத்தில் ஒன்று, அதற்கடுத்த வருடம் இன்னொன்று. ஒவ்வொரு மார்கழியும், நன்றாகப் பனி இறங்கி விரிசல் வாயைத் திறந்திருக்கிற நேரமாகப் பார்த்து நான் போவேன், அப்போதுதான் சிமெண்ட் ஆழமாக இறங்கும் என்று. "மார்கழி வந்தா மேஸ்திரி கோயிலுக்குப் போறாரோ இல்லையோ, லாட்ஜுக்கு வந்துடுவாரு" என்று வாட்ச்மேன் கிண்டல் செய்வான். எனக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது. தான் கட்டிய கட்டடத்தை வருடா வருடம் வந்து பார்க்கிற மேஸ்திரி இந்த ஊரில் வேறு யார் இருக்கிறான் என்று.

பிறகு நீ பிளஸ் டூ முடித்து, சிவில்தான் படிப்பேன் என்று நின்றாய். வெயிலில் கல்லோடும் மண்ணோடும் பொம்பளைப் பிள்ளைக்கு என்ன வேலை என்று நான் ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்தேன். உன் அம்மா உன் பக்கம் நின்றதால் இறங்கி வந்தேன். அப்போதும் ஹாஸ்டல் கூடாது, தினம் ரயிலில் போய் ரயிலில் வா என்று கட்டுப் போட்டேன். நாலு வருடம் விடிவதற்குள் எழுந்து ஓடினாய். மணவூரில் சிக்னலுக்கு வண்டி நின்று நீ வர நேரமானால் வாசலில் நின்று உன்னைத் திட்டுவேன், ஏதோ நீதான் வண்டியை நிறுத்தி வைத்த மாதிரி. அதெல்லாம் பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாதி பாசம், பாதி பயம். நீ என் கண்ணுக்கு எட்டாத இடத்துக்குப் போய்விடுவாய் என்ற பயம் எனக்கு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

மூன்றாம் வருடம் படிக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் விரிசலை அடைத்துக்கொண்டிருந்தபோது சாப்பாட்டுக் கேரியர் எடுத்துக்கொண்டு வந்தாய். விரிசலை ஒரு நிமிடம் பார்த்தாய். அப்புறம் அதை விட்டுவிட்டு, நடையின் கடைசி வரைக்கும் நடந்துபோய்ப் படிக்கட்டு ஓரத்துத் தூணை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாய். "நைனா, இங்க வா" என்றாய். பீம் வந்து உட்காருகிற இடத்துக்கு ஒரு ஜாண் கீழே, முடி அகலத்துக்குச் சாய்வாக ஒரு கீறல். ஏழு வருடமாக நான் அந்தப் பக்கம் தலை தூக்கிப் பார்த்ததே இல்லை. "பனியில இது சுருங்கி வாயைத் தொறக்குது. நீ அந்த வாயில சிமெண்ட்டை வெச்சு இறுக்குற. வெயில்ல அது நீளறப்ப வாயை மூட முடியல. அப்ப எங்க போவும்? ரெண்டு பக்கமும் தள்ளும். வருசா வருசம் நீ இந்த பில்டிங்கை கொஞ்சம் கொஞ்சமா நீட்டிகினே வந்திருக்க நைனா" என்றாய். "அந்த நேர் விரிசல் ஒழுகும், கம்பி துரு புடிக்கும், அதைக்கூட அப்புறம் பாத்துக்கலாம். இது சாஞ்சிருக்குது பாரு, தூணை வெட்டிகினு இருக்குது. முதலாளிகிட்ட இன்னிக்கே சொல்லு" என்றாய். "நம்பலேன்னா குறுக்க ஒரு கண்ணாடி ஒட்டிப் பாரு."

நீ சொல்லச் சொல்ல அது உண்மை என்று எனக்கு உள்ளே தெரிந்துவிட்டது. அதனால்தான் அப்படிக் கத்தினேன். சாரத்தின்மேல் என்னோடு வேலை செய்கிற தாஸ் மேஸ்திரி நின்றிருந்தான், கீழே இரண்டு சித்தாள்கள், வாட்ச்மேன். அத்தனை பேர் முன்னால், "மூணு வருசம் பொஸ்தகம் பொரட்டிட்டு எனக்கே சொல்லித் தர்றியாடி? வாயை மூடு. இதைப் பத்தி வெளிய ஒரு வார்த்தை பேசினே, நாளையிலிருந்து காலேஜு கிடையாது" என்றேன். நீ அழவில்லை. கேரியரைக் கீழே வைத்துவிட்டுப் போனாய். அதற்கப்புறம் இந்தப் பங்குனி வரைக்கும் நீ அந்த லாட்ஜைப் பற்றிப் பேசவில்லை. உன் மனசை இது மூன்று வருடமாக என்ன பாடு படுத்தியிருக்கும் என்று இப்போதுதான் யோசிக்கிறேன். ஏதாவது நடந்திருந்தால், தெரிந்தும் சொல்லாமல் இருந்தோமே என்று நீ காலமெல்லாம் வெந்திருப்பாய். உன் வாயை அடைத்தது நான். அதில் துளிகூட உன் மேல் தப்பு கிடையாது, இதை நன்றாக மனசில் வாங்கிக்கொள்.

அந்த வருடக் கிருத்திகையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். உனக்குத்தான் தெரியுமே, அந்த மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் குளத்தில் தெப்பம் அப்படியே தெரியும். லாட்ஜில் தங்கியவர்கள், அவர்கள் சொந்தக்காரர்கள், வழியில் போகிறவர்கள் என்று சாயங்காலமே மாடி நிரம்பிவிட்டது. ஆந்திராப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கூட்டம் மேலேயே காவடியை இறக்கிவைத்துவிட்டு, பம்பை அடித்து ஆட ஆரம்பித்தது. உன் அம்மா புஷ்பக் காவடி எடுத்துக்கொண்டு மலைக்குப் போனாள், எனக்கு வயிறு சரியில்லை என்று பொய் சொல்லிவிட்டு நான் வரவில்லை. அந்தத் தூணுக்குக் கீழே நின்றுகொண்டு, உள்ளங்கையைத் தூணின்மேல் வைத்துக்கொண்டேன். மேலே அரோகரா என்று ஒரு சத்தம் எழும்பும், ஆட்டம் அதிரும், கையில் அது தெரியும். சுண்ணாம்புப் பொடி என் மணிக்கட்டில் உதிர்ந்தது. என் ஒரு கையால் மூன்று மாடியைத் தாங்கிவிட முடியுமா? பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் கையை எடுத்தால் இடிந்துவிடும் என்று தோன்றியது. கையை எடுக்கவே இல்லை. வேறு எந்த வேண்டுதலும் எனக்கு அன்று நினைவுக்கு வரவில்லை, இன்றைக்கு மட்டும் தாங்கிவிடு முருகா என்பதைத் தவிர. தாங்கியது. இறங்கிப் போனவர்களில் ஒரு குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது. அடுத்த வாரமே முதலாளியிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். வாரம் போனது, வருடமும் போனது. ஒன்றும் ஆகவில்லையே, ஆகாது என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

இந்தப் பங்குனியில் உன் கல்யாணம் நிச்சயமானதும் முதலாளி வீடு தேடி வந்தார். "மலை மேல தாலி கட்டிகினு கீழ எறங்கினா எல்லாரும் நம்ம லாட்ஜுதான் மேஸ்திரி. நீ கட்டின பில்டிங்கு, உன் பொண்ணு கல்யாணம். நான் பாத்துக்கறேன், நீ கம்முனு இரு" என்றார். உன் அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் மோர் கொண்டுவருவதாகச் சொல்லி உள்ளே எழுந்துபோனேன். உன் அம்மா சொல்லக் கேட்டு நீ போன் செய்தாய். "அந்த லாட்ஜ் வாணாம்னு நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்றாய். நான் போனை வைத்துவிட்டேன். மறுநாள்தான் கண்ணாடி ஒட்டினேன். பழைய சாமி படத்திலிருந்து எடுத்த மெல்லிய கண்ணாடி. பத்தே நாளில் உடைந்தது. இப்போது சொல்லப்போவதைக் கேட்டு நீ சிரித்தாலும் சிரி, காறித் துப்பினாலும் துப்பு. நான் கடைக்குப் போய், ஷோகேஸுக்குப் போடுகிற தடித்த கண்ணாடியில் ஒரு துண்டு வெட்டி வாங்கி வந்து ஒட்டினேன். உடையாத கண்ணாடியாகப் பார்த்து ஒட்டினேன் ரேவதி! முப்பது வருடம் கட்டட வேலை செய்தவன். கத்திரி வெயில் முழுக்க அது உடையவில்லை. தினம் காலையில் போய்ப் பார்ப்பேன், நிம்மதியாகத் திரும்பி வருவேன். போன வாரம் இரண்டு நல்ல மழை பெய்து ஊர் குளிர்ந்தது, வெயிலில் நீண்டிருந்த கட்டடம் சட்டென்று சுருங்கித் தூணை இழுத்திருக்க வேண்டும். இன்று காலை அந்தத் தடித்த கண்ணாடியும் உடைந்திருந்தது. முடி அகலத்தில் இருந்த கீறலில் இப்போது என் கட்டைவிரல் நகம் நுழைகிறது.

நேராக ஜவுளிக்கடைக்குப் போனேன். முதலாளி சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தார். "முதலாளி, மொட்டைமாடிக்கு ஒரு ஆளையும் வுடாதீங்க. மேல்மாடித் தூணு வெட்டுப்படுது. நான் செஞ்ச தப்பு" என்றேன். முதலில் சிரித்தார். "இன்னா மேஸ்திரி காலங்காத்தால? வழக்கம் போலப் பூசி வுட்டுடு" என்றார். "பூசிப் பூசித்தான் இந்தக் கதிக்கு வந்துச்சு" என்று எல்லாவற்றையும் சொன்னேன், இடைவெளியை அடைத்தது, மார்கழி, நீ சொன்னது, நான் உன் வாயை அடைத்தது எல்லாம். அவர் கையிலிருந்த தூபக்காலை அப்படியே கீழே வைத்தார். "மூணு வருசமா தெரிஞ்சிகினா என் மூஞ்சைப் பாத்து வணக்கம் சொல்லிகினு இருந்தே? என் பேரப்பசங்க அந்த மாடியிலதான்யா படுத்துகினு இருக்குதுங்க" என்றார். பத்து மணிக்குள் லாட்ஜிலேயே குடியிருந்த தன் மருமகளையும் பேரப்பிள்ளைகளையும் அவர் ஆட்டோவில் ஏற்றிவிட்டார், எங்கே தெரியுமா? அந்த அண்ணன் வீட்டுக்கு. பதினோரு வருடமாகப் பேசாத அண்ணன். ஆனால் கிருத்திகைக்குக் காவடிக்காரர்களுக்குச் சொன்ன ரூமை மட்டும் ரத்து செய்ய மாட்டாராம். "சொன்ன வார்த்தை மேஸ்திரி, எப்புடி மாத்தறது? முட்டுக் குடு, மூணு நாள் ஓட்டிடலாம்" என்கிறார். தன் பிள்ளைகளை அனுப்பிவிட்டு ஊரார் பிள்ளைகளை ஏற்றப் பார்க்கிறார். கெட்டவர் இல்லை, பயந்துபோனவர். பயந்தவன் எப்படியெல்லாம் கணக்குப் போடுவான் என்று எனக்குத் தெரியாதா?

தாஸ் மேஸ்திரியையும் நாலு ஆளையும் கூட்டி வந்து, அந்தத் தூணின் இரண்டு பக்கமும் கீழ்மாடியிலிருந்து மேல்மாடி வரை சவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டேன். மொட்டைமாடியைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டேன். பூட்டை உடைப்பேன் என்று முதலாளி சொல்லியிருக்கிறார். அவர் உடைத்தால் நான் தாலுகா ஆபீஸ் வாசலில் போய் உட்காருவேன் என்று சொல்லியிருக்கிறேன். என் பேர் போகும். இந்த ஊரில் இனிமேல் ஒரு மாட்டுக்கொட்டகை கட்டக்கூட என்னைக் கூப்பிட மாட்டார்கள். போகட்டும். ஆனால் என் பேச்சை அவர் எத்தனை நாள் கேட்பார்? முட்டு சரியாக நிற்கிறதா, போதுமா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. கான்கிரீட்டைப் பற்றி எனக்குத் தெரியும் என்று நினைத்ததெல்லாம் தப்பாகப் போன பிறகு, எதை நம்பி நிற்பது?

இன்னொன்றும் இருக்கிறது, அதையும் இதிலேயே எழுதிவிடுகிறேன், தைரியம் இருக்கும்போதே. கல்யாணம் ஆனதும் பொண்ணு சென்னை வேலையை விட்டுவிடுவாள், அரக்கோணத்திலேயே இருப்பாள் என்று உன்னைக் கேட்காமல் மாப்பிள்ளை வீட்டில் நான் வாக்குக் கொடுத்திருந்தேன். அவர்கள் கேட்கவில்லை, நானாகக் கொடுத்தேன். மத்தியானம் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் மாப்பிள்ளையின் அப்பாவிடம், அது நான் சொன்னது, அவள் சொன்னது இல்லை, அவள் இஷ்டம்தான் என்று சொல்லிவிட்டேன். மாப்பிள்ளையும் பக்கத்தில்தான் இருந்தார் போலிருக்கிறது. "நான் அப்பவே சொன்னேன்ல" என்று அவர் சிரிப்பது கேட்டது. நல்ல பையன்தான் பார்த்திருக்கிறோம். நீ எங்கே போனாலும் எனக்குப் பயமாகத்தான் இருக்கும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

தினம் சென்னைக்குப் போகிற எதிர்வீட்டு டீச்சரிடம் இதைக் கொடுத்து, நாளைக் காலையே உன் கையில் சேர்க்கச் சொல்கிறேன். படித்ததும் உன் ஆபீசில் இருக்கிற பெரிய இன்ஜினீயரை எப்படியாவது கூட்டிக்கொண்டு வா. அவர் வர முடியாது என்றால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டு நீ வா. தாஸையும், அந்த இரண்டு சித்தாள்களையும், வாட்ச்மேனையும் வரச் சொல்லியிருக்கிறேன். முதலாளியும் இருப்பார். அன்று யார் முன்னால் உன்னை வாயை மூடச் சொன்னேனோ, அவர்கள் முன்னால் நீ வாயைத் திறந்து பேச வேண்டும். நான் அடைத்த இடைவெளியை எங்கே வெட்டித் திறக்க வேண்டும், எங்கே முட்டு, எங்கே கை வைக்கக் கூடாது என்று நீ சாக்பீஸால் கோடு போடு. நான் உளி பிடிக்கிறேன்.

கோடு போட்டு முடித்ததும் நீ உள்ளே நிற்கக் கூடாது. இறங்கி ரோட்டுக்கு இந்தப் பக்கம், இந்த டீக்கடைக்கு வந்து உட்கார்ந்துவிட வேண்டும். இது ஒன்றுக்கு மட்டும் என்னை எதிர்த்துப் பேசாதே அம்மாடி.

நைனா